குப்புறக் கிடந்த பலகை

கோடை தொடங்கியதிலிருந்து கைசாவின் வீட்டில் பாத்திரங்களைக் குளியல் தொட்டியில்தான் கழுவினார்கள். கழுவினார்கள் என்றால், கைசாதான் கழுவினாள். முழங்காலிட்டுக் குனிந்து தட்டுகளைத் தேய்த்துத் தேய்த்து அவளுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. காலையில் குளிக்கப் போகும் அண்ணன் வெஸ்ஸின் பாதத்தில் ஏதாவது ஒரு முள்கரண்டி குத்தும்.

"ஏய் வாலு, இது குளிக்கிற இடமா, ஹோட்டலா?" என்று உள்ளேயிருந்து கத்துவான்.

"அப்பாகிட்ட கேளு" என்பாள் கைசா.

பழைய சமையல் மேடை ஊறி உப்பிப்போனதால் அப்பா அதைப் பெயர்த்து எறிந்திருந்தார். "ஒரே வாரத்துல புதுசு வெச்சுடலாம்" என்றும் சொல்லியிருந்தார். அந்த ஒரு வாரம் நீண்டுகொண்டே போய், ஹான்காக் ஊரின் மரங்களெல்லாம் இலை உதிர்த்து நின்றன.

அம்மாவின் பாடு இன்னும் மோசம். அவர் ஏலக்காய் தட்டிப் போட்டுப் பின்னல் ரொட்டி சுடுவார். நிசு என்று பெயர். ஊர்க் கூட்டுறவுக் கடையில் அம்மாவின் நிசு மதியத்துக்குள் தீர்ந்துவிடும். மேடை இல்லாததால் இஸ்திரி மேசையில் மாவு பிசைந்தார். அழுத்திப் பிசைந்தால் அந்த மேசை நடக்கும். அடுப்பருகே பிசையத் தொடங்கினால், மாவு பதத்துக்கு வரும்போது வாசல் கதவருகே நிற்பார்.

அப்பா சோம்பேறி இல்லை. மேடையை, இரண்டு வருஷம் முன்பு கொல்லையில் காற்றுக்கு விழுந்த மேப்பிள் மரத்தில்தான் செய்வேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். பக்கத்து வீட்டு நீமி மாமா அதை அப்போதே தன் அறுவை மில்லில் பலகையாக அறுத்துக் கொடுத்திருந்தார். காய்வதற்காகக் கொட்டகையில் அடுக்கி வைத்திருந்தார்கள். இரண்டு குளிர்காலம் கடந்து, இந்தக் கோடை முடிவில்தான் அது காய்ந்தது. பிறகு அப்பாவும் வெஸ்ஸும் பட்டை பட்டையாக அறுத்து, பக்கவாட்டில் பசை தடவி இறுக்கி, ஒரு நீளப் பலகையும் ஒரு சின்னப் பலகையும் செய்தார்கள். நீளப் பலகை சிங்க் பக்கத்துக்கு; சின்னது அடுப்புக்கு அந்தப் பக்கத்துக்கு. மிஞ்சிய துண்டுகளை அப்பா சனிக்கிழமை சனிக்கிழமையாக நீராவிக் குளியலறை அடுப்பில் போட்டு எரித்துத் தீர்த்தார்.

நீளப் பலகையின் ஒரு முகம் வெண்ணெய் போல இருந்தது. அப்பா தேடித் தேடி, நல்ல பக்கத்தையெல்லாம் அந்த முகத்துக்கே வருமாறு ஒட்டியிருந்தார். மறுமுகத்தில் பழுப்புக் கோடுகள், பசைச் சொட்டுகள், மரம் உயிரோடு இருந்தபோது பாகு காய்ச்சச் சாறு இறக்கிய துளைகள். "அது கீழ போற பக்கம். யார் பாக்கப் போறா?" என்றார் அப்பா. வெள்ளை முகத்தைப் பற்றி மட்டும் ஊரில் அவர் சொல்லாத ஆள் பாக்கியில்லை.

அந்த வாரம் பனி விழும் என்று வானொலியில் சொன்னார்கள். அப்பா சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுபவர். பனி தொடங்கிவிட்டால் வசந்தம் வரை அவர் வீட்டில் தங்குவதே அரிது. அதனால் சனிக்கிழமை காலையிலேயே கொட்டகையில் வேலை தொடங்கியது. சிங்குக்குப் பெரிய ஓட்டை ஒன்று, அதன் பின்னால் தண்ணீர்க் குழாய்க்குச் சின்ன ஓட்டை ஒன்று. அறுக்க வேண்டியது அவ்வளவுதான்.

அப்பா பலகையைத் தாங்கிகள்மேல் குப்புறப் போட்டார். மின்ரம்பத்தின் பற்கள் மேல்நோக்கிக் கடிக்கும். அறுக்கும்போது மேலே இருக்கும் பக்கம் சிலாம்பு சிலாம்பாகப் பெயரும். நல்ல முகம் கெடாமலிருக்க எல்லோரும் குப்புறப் போட்டுத்தான் அறுப்பார்கள். அப்பா சிங்க் அளவுக்கு வெட்டிய அட்டையை வைத்துப் பென்சிலால் கோடு போட்டார். பிறகு யாரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தார். ரம்பத்தை வெஸ்ஸிடம் நீட்டினார்.

"நீ அறு."

"நிஜமாவா?" என்றான் வெஸ். பதினைந்து வயதில் அவன் கைக்கு முதல் முறையாக வரும் பெரிய வேலை. அவன் காது மடல் சிவந்துபோனது.

மெதுவாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு அறுத்தான். காப்பிக் கோப்பையோடு பார்த்துக்கொண்டிருந்த நீமி மாமாவே, "பையன் கை நடுங்கல பாரு" என்றார். கைசாவுக்குப் பெருமையாக இருந்தது.

பலகையைப் புரட்டி, வெள்ளை முகம் மேலே இருக்க, நாலு பேராகத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு வந்தார்கள். கைசா கதவைப் பிடித்துக்கொண்டாள். அலமாரிகள்மேல் பலகையை இறக்கினார்கள்.

அப்பா குனிந்து பார்த்தார்.

ஜன்னலுக்குக் கீழே, இடது கோடியில், தண்ணீர் வரும் குழாயும் போகும் குழாயும் நிமிர்ந்து நின்றன. சிங்க் ஓட்டையோ வலது கோடியில், அடுப்பை ஒட்டி வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

"சுத்திப் பாக்கலாம்" என்றார் அப்பா. பலகையைச் சுற்றி வைத்தார்கள். சிங்க் ஓட்டை இடது பக்கம் வந்துவிட்டது. ஆனால் குழாய் ஓட்டை சுவர்ப் பக்கம் இல்லாமல், நிற்பவர் பக்கம் வந்துவிட்டது.

"பாத்திரம் கழுவுறவங்க தொப்புளுக்கு நேரா குழாய்" என்றார் நீமி மாமா. "நல்ல ஏற்பாடுதான்."

யாரும் சிரிக்கவில்லை. நீமி மாமா காப்பிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டார்.

"அறுக்கிறதுக்கு முன்னால ஒரு நிமிஷம் யோசிக்க மாட்டியா, வெஸ்?" என்றார் அப்பா. சத்தமாகச் சொல்லவில்லை. அதுவே கேட்கக் கஷ்டமாக இருந்தது.

வெஸ் கதவைத் திறந்தான். வெளியே போய் அப்பாவின் பழைய லாரிக்குள் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டான்.

"வேற மரம் இருக்கா?" என்று அம்மா கேட்டார்.

"இல்ல. அறுத்தாலும் காய இன்னும் ரெண்டு வருஷம். இத கொட்டகையில சாத்தி வெச்சுட்டு, கடைப் பலகை ஏதாவது வாங்கிப் போடுறேன். அதுவும் பனி விட்டப்புறம்தான்."

கைசாவுக்கு முதலில் குளியல் தொட்டிதான் நினைவுக்கு வந்தது. வசந்தம் வரை முழங்காலில் நிற்க வேண்டும். அடுத்து வெஸ்ஸின் முகம் நினைவுக்கு வந்தது. கொட்டகைக்குள் போகும்போதெல்லாம் அவன் அந்த ஓட்டையைப் பார்ப்பான். அது முதுகுவலியைவிட மோசம் என்று அவளுக்குப் பட்டது. அவனை நினைத்தால் பாவமாக இருந்தது. அப்பா மேல் கோபமாகவும் இருந்தது. கோடு போட்டது அப்பாதானே?

இரண்டு ரொட்டித் துண்டுகளில் ஜாம் தடவி எடுத்துக்கொண்டு லாரியில் ஏறினாள்.

"பசிக்கல" என்றான் வெஸ்.

"கோடு போட்டது அப்பா. நீ ஏன் சொல்லல?"

"சொன்னா ஓட்டை அடைஞ்சுடுமா? விடு. இனிமே நான் ரம்பத்தையே தொட மாட்டேன்."

கைசா தன் ரொட்டியைக் கடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்று புரியவில்லை. அட்டை சரி. கோடும் சரி. வெஸ் அறுத்ததும் கோட்டின் மேலேயேதான். பிறகு எந்த இடத்தில் தப்பு நுழைந்தது?

"ஜாம் தடவினது நல்ல முகம்" என்று முணுமுணுத்தாள். "அப்பா இப்படித்தானே குப்புறப் போட்டாரு?" ரொட்டியை ஜாம் கீழே இருக்க வண்டியின் முன்பலகைமேல் வைத்தாள்.

"ஏய், அப்பா கொல்லப்போறாரு உன்ன."

"இரு." விரலால் இடது பக்கம் ஒரு பெரிய ஓட்டை போட்டாள். அதற்குப் பின்னால், கண்ணாடிப் பக்கமாக, நகத்தால் ஒரு சின்ன ஓட்டை. "சிங்க். குழாய். இப்ப சரியா இருக்கா?"

"இருக்கு."

ரொட்டியைப் புரட்டினாள். ஜாம் மேலே வந்தது. பெரிய ஓட்டை வலது பக்கம் ஓடிவிட்டது. சுற்றி வைத்தாள். ஓட்டை இடது பக்கம் வந்தது. குழாய் அவள் பக்கம் வந்தது. அடுப்படியில் நடந்தது அப்படியே நடந்தது. மறுபடி ஜாம் கீழே போகுமாறு புரட்டினாள்.

வெஸ் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"பலகையில ஒரு தப்பும் இல்ல" என்றாள் கைசா. "நாமதான் அத புரட்டிட்டோம். தாங்கி மேல எப்படிக் கிடந்துச்சோ, அப்படியே வெச்சா சரி."

வெஸ் ரொட்டியை வாங்கித் தானே ஒருமுறை புரட்டிப் பார்த்தான். விரலெல்லாம் ஜாம். "அந்தப் பக்கம் பாக்கவே சகிக்காது, கைசா. அப்பா ஒத்துக்க மாட்டாரு."

"கேட்டுப் பாக்கலாம். வா."

அவன் வரத் தயங்கினான். அவள் அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். ரொட்டியை இஸ்திரி மேசைமேல் வைத்து அப்பாவுக்கு ஒருமுறை செய்து காட்டினாள்.

"அது என் மாவு மேசை" என்றார் அம்மா. ஆனாலும் எட்டிப் பார்த்தார்.

அப்பா ரொட்டியைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். தாடையைச் சொறிந்தார்.

"அந்த மூஞ்சியையா மேல வைக்கச் சொல்ற? பூரா கறை. துளை துளையா இருக்கு. மாவு போய் அடைஞ்சுக்கும்."

"துளைக்கு மரக்குச்சி அடிச்சு இழைச்சுடலாம்" என்றான் வெஸ். குரல் மெல்லத்தான் வந்தது.

"ஓட்டையைச் சுத்திச் சிலாம்பு பேந்திருக்குமே. ரம்பம் கடிச்ச பக்கமாச்சே அது."

வெஸ் மூலைக்குப் போனான். அங்கே துணி போர்த்திக் கிடந்த இரும்புச் சிங்கை முக்கி முனகித் தூக்கிவந்து, அதன் விளிம்பை அப்பாவிடம் காட்டினான். விளிம்பு இரண்டு விரல் அகலம் இருந்தது.

"இது மேல உக்காந்தா சிலாம்பு தெரியாதுப்பா."

அப்பா இன்னும் தயங்கினார். "ஊர்ல எல்லார்கிட்டயும் வெள்ளைப் பலகைன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

"கேக்கிறவங்கள குனிஞ்சு அடியில பாக்கச் சொல்லு" என்றார் நீமி மாமா.

அம்மா அப்பா பக்கம் திரும்பிக் கை மாவைத் தட்டிக்கொண்டார். "ரஸ், மாவுக்கு மூஞ்சியெல்லாம் தெரியாது. ஆடாம நின்னா எனக்குப் போதும். புரட்டிப் போடு."

அப்பா பலகையின் ஒரு முனையைப் பிடித்தார். நாலு பேரும் பலகையைப் புரட்டினார்கள். பெரிய ஓட்டை ஜன்னலுக்குக் கீழே வந்தது. சின்ன ஓட்டை அதன் பின்னால், குழாய்க்கு நேர் மேலே வந்து நின்றது. வெஸ் சிங்கை இறக்கினான். மூடி போட்டதுபோல உட்கார்ந்தது. சிலாம்பு இருந்த சுவடே இல்லை.

அப்பா விளிம்போரம் விரலை ஓட்டிக்கொண்டே போனார். திரும்ப ஓட்டினார். பிறகு சிங்கை மெல்லத் தூக்கி, அறுத்த ஓரத்தில் தன் பென்சில் கோடு பாதி மட்டும் மிஞ்சியிருப்பதைப் பார்த்தார். எல்லா இடத்திலும் அதே பாதி.

"வெஸ்" என்றார். "அட்டைய வெச்சது நான். கோடு போட்டதும் நான். நீ கோட்டு மேலதான் அறுத்திருக்கே. மயிரிழை விலகல."

வெஸ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"உன்ன சொல்லியிருக்கக் கூடாது" என்றார் அப்பா.

"பரவாயில்லப்பா" என்றான் வெஸ். அவன் காது மறுபடி சிவந்தது. நீமி மாமா இன்னொரு காப்பி கிடைக்குமா என்று அம்மாவிடம் சத்தமாகக் கேட்டார்.

மறுநாள் முழுக்க வேலை இருந்தது. பசைச் சொட்டுகளை உளியால் செதுக்கினார்கள். துளைகளில் மேப்பிள் குச்சி அடித்து இழைத்தார்கள். கைசா உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, தலைமுடியெல்லாம் மரத்தூளாக நின்றாள். எண்ணெய் தடவியதும் பழுப்புக் கோடுகள் கறுத்துப் பளபளத்தன. அப்பா பலகையைக் கீழேயிருந்து திருகாணி போட்டு மாட்டினார். ஆனால் இறுக்கவில்லை, கோடையில் மரம் உப்பும்போது நகர இடம் விட்டார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார், யாரும் கேட்காமலேயே.

அம்மா மேடைமேல் மாவைத் தூவிப் பிசையத் தொடங்கினார். பிசைந்து முடித்தபோதும் அதே இடத்தில் நின்றார்.

திங்கட்கிழமை பனி கொட்டியது. பள்ளிக்கு விடுமுறை. அப்பா விடியும் முன்பே காலணி மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். அடுப்புக்கு அந்தப் பக்கத்துச் சின்னப் பலகை இன்னும் பாக்கியிருந்தது. சுவரோரம் போகும் வெந்நீர்க் குழாய்க்காக அதன் ஒரு மூலையை வெட்ட வேண்டும்.

"வெஸ், நான் வர ராத்திரி ஆகும்" என்றார். "அந்தச் சின்னப் பலகைய நீயே அளந்து, நீயே கோடு போட்டு அறுத்து வெச்சிரு."

"நீங்க வந்து ஒரு தடவை பாத்தப்புறம் அறுக்கட்டுமா?"

"நான் எதுக்கு?" என்று சொல்லிவிட்டு அப்பா கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

வெஸ் சாத்திய கதவையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு ஆணியில் தொங்கிய கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டான்.

"வாலு, கொட்டகைக்கு வர்றியா? அட்டைய ஆடாம பிடிச்சுக்க ஒரு ஆள் வேணும்."

கைசா அதற்குள் காலணியில் பாதிக் காலை நுழைத்திருந்தாள்.