கடுகு எண்ணிய நூல்கள்

அவளை வகுப்பில் எல்லோரும் ‘கடுகு’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் சிறிசு, பொரிந்தால் தாங்காது. அன்றைக்கு அவள் பொரிந்ததில் தப்பே இல்லை.

வானத்திலிருந்து மியூவான் என்கிற துகள்கள் கண்ணுக்குத் தெரியாமல் விழுந்துகொண்டே இருக்கின்றன. ஸ்பிரிட் ஆவி நிறைந்த கண்ணாடிப் பெட்டியை உலர்பனிமேல், அதாவது உறைந்த கரியமில வாயுக் கட்டிமேல், வைத்து டார்ச் அடித்தால், அவை போன தடம் வெள்ளை நூலாகத் தெரியும். அன்றைக்கு வகுப்பில் அதுதான் சோதனை; நூல்களைச் சரியாக எண்ணும் குழுக்கள் துகள் ஆய்வுக்கூடத்தைப் பார்க்கப் போகலாம்.

டீச்சரோ, ஐந்து நிமிடத்தில் வரவேண்டிய எண்ணைப் புத்தகத்தைப் பார்த்து முதலிலேயே பலகையில் எழுதிவிட்டார். எல்லாக் குழுவும் அதையே எழுதின. கடுகுக்கு மட்டும் குறைவு.

“தப்பு. திருத்து. இல்லன்னா நீ வர முடியாது,” என்றார் டீச்சர்.

“கண்ணால பாத்ததைத்தானே எழுதினேன்!”

“அப்போ புத்தகம் தப்பா?”

“துகளைப் பத்தி விஞ்ஞானிங்க போட்ட பெரிய கணக்கையே அந்த ஆய்வுக்கூடத்துல சோதிக்கிறாங்க, டீச்சர். விடையைப் பாத்து எழுதுறதுக்குப் பேரு சோதனையா?”



“திருத்திடேன்டி, போய்ட்டு வந்துடலாம்,” என்று கெஞ்சினாள் அவளுடைய கூட்டாளி குண்டூசி.

“மாட்டேன்! அநியாயம்!”

கோபமாகத் திரும்பியவள் பக்கத்து மேசையைப் பார்த்தாள். அங்கே உலர்பனி எப்போதோ தீர்ந்திருந்தது. பெட்டியில் ஒரு நூல்கூட இல்லை. தாளில் மட்டும் பலகை எண்!

அந்த மேசைப் பையன் கண்ணில் நீர் முட்டியது. “சொல்லிடாதே. எனக்கும் போகணும்.”

கடுகு பல்லைக் கடித்தாள். பிறகு, தன் உலர்பனியில் பாதியை இடுக்கியால் எடுத்து அவனுக்கு வைத்தாள்.

“டீச்சர், மறுபடி எண்ணலாம். இந்தத் தடவை வேற நேர அளவு. எவ்வளவு வரணும்னு மட்டும் யாருக்கும் சொல்லாதீங்க.”

டீச்சர் முகத்தைச் சுளித்தார். ஆனாலும் கடிகாரத்தை எடுத்தார்.

ஒரு மேசையில் கூடுதல், இன்னொன்றில் குறைவு. எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி பார்த்தால், புத்தகக் கணக்குக்குப் பக்கத்தில் வந்தது!

“அப்போ முதல்ல மட்டும் எல்லாருக்கும் எப்படி ஒரே எண்?” என்றார் டீச்சர்.

கேட்டு முடிப்பதற்குள் டீச்சருக்கே புரிந்துவிட்டது.

“பலகையில எழுதிக் கெடுத்தது நான்தான். மன்னிச்சுக்கோ கடுகு, நீ வர்ற.”

“எல்லாரும் வரணும், டீச்சர். இப்பதான் ஒழுங்கா எண்ணியிருக்காங்க.”

டீச்சர் சிரித்துவிட்டார். “சரி, எல்லாரும்.”

“கோபம் போச்சாடி?” என்று கேட்டாள் குண்டூசி.

“பாதி வெச்சிருக்கேன். அங்கேயும் எவராச்சும் விடையை முன்னாடியே எழுதி வெச்சிருந்தா வேணுமே!”