கத்தரிக்கோல் மேய்ந்த கோதுமை

மாடு வேலி தாண்டி உள்ளே வந்தபோது, டாக்டர் அன்புராஜ் கத்தரிக்கோலால் மேய்ந்துகொண்டிருந்தான்.

மாட்டு டாக்டர் இல்லை, கோதுமை டாக்டர். இளம்பயிரில் மாடு ஒருமுறை வாய் வைத்துவிட்டுப் போனாலும் மறுபடி தழைத்துக் கதிர் விடுகிற கோதுமையை உருவாக்குவது அவன் லட்சியம். பொன்னேரிக்குப் பக்கத்தில் கால் ஏக்கரில் ஆறு ரகங்கள். காக்களூர் விதைக் கம்பெனி மூன்று வருடம் பொறுத்துவிட்டது. இந்த மார்ச்சில் ஒரு ரகமாவது தேறாவிட்டால் ஆராய்ச்சிக்கு மூடுவிழா. இந்த நிலைமையில் நிஜ மாட்டை நம்ப முடியுமா? அதனால் நான்கு விரல் உயரம் விட்டு, அவனே அளந்து அளந்து கத்தரித்தான்.

"ஏம்மா, இது ஆராய்ச்சி நிலம். போர்டு தெரியலையா?"

"எனக்குத் தெரியுது சார். மாட்டுக்குப் படிக்க வராது."

கும்மிடிப்பூண்டி கம்பெனிச் சீருடையிலேயே கயிற்றோடு ஓடி வந்த சந்திரகலா நின்றாள். தூறலில் நனைந்த இமைகள்... அவற்றுக்குக் கீழே சிரிப்பை அடக்கிக்கொண்ட இரண்டு கண்கள். அன்புராஜுக்குக் கோதுமையின் லத்தீன் பெயர் மறந்துபோனது.

"இன்னா சார், பயிருக்கு கிராப் வெட்டிக்கினு இருக்கீங்க?"

"மாடு மேயறதைச் செஞ்சு பாக்கறேன்."

"மாடு வெட்டாது சார். நாக்கால சுத்திப் புடுங்கும். வேரு புடிச்சிக்கினு நிக்குதா, கூடவே வந்துடுதா... அத்தப் பாக்க வாணாமா?"

பட்டம் வாங்கிய இடத்தில் சுருக்கென்றது. அதற்குள் மாடு ஒரு முனையில் ஆறு ரகத்தையும் மேய்ந்திருந்தது. அன்று மாலையே விதைக் கம்பெனிக்கு எழுதினான்: 'மேய்ப்பவரின் அறியாமையால் சோதனைப் பயிர் சேதம்.' கம்பெனி அதை அப்படியே நோட்டீஸாக்கி அவள் அப்பா கலியனுக்கு அனுப்பியது.

சந்திரகலா அந்தக் காகிதத்தோடு வந்தாள். "மாட்டைச் சொல்லியிருந்தா பரவால்ல சார். அறியாமைன்னா... அது நான்தானே?"

கண்களில் இப்போது சிரிப்பு இல்லை. அதன்பிறகு அவள் அந்தப் பக்கமே வரவில்லை.

கத்தரித்த இடத்தில் ஆறு ரகமும் ஒன்றுபோல் தழைத்தன. எது நல்லது என்று யாராலும் சொல்ல முடியாது. மாடு மேய்ந்த முனையிலோ ஐந்து ரகங்கள் வேரோடு போயிருந்தன. ஆறாவது மட்டும்... மிதிபட்டு, கிழிபட்டு, நிமிர்ந்தது. மார்ச்சில் கதிரும் பிடித்தது.

கம்பெனி அதிகாரி வந்தார். "பிரமாதம். எப்படித் தேர்ந்தெடுத்தீங்க?"

வாயை மூடிக்கொண்டிருந்தால் பெயர் அவனுக்கு.

"நான் இல்லை சார், ஒரு மாடு. மாடு எப்படி மேயும்னு எனக்குச் சொன்னவங்க சந்திரகலா. அறியாமை என்னோடது. அந்த நோட்டீஸை வாபஸ் வாங்கணும்."

அடுத்த செவ்வாய்க்கிழமை, ஷிப்ட் முடிந்து பொன்னேரி ஸ்டேஷனில் அவள் இறங்கியபோது எதிரே நின்றான்.

"மன்னிப்பு லெட்டர் வந்துச்சு சார். அப்பா ரெண்டு தபா படிச்சாரு."

"அடுத்த வருஷம் நிஜ மாட்டையே மேய விடச் சொல்லிட்டாங்க..."

"மாடு கேக்கவா ஸ்டேஷன் வரைக்கும் வந்தீங்க?"

"இல்ல... உங்களை... உங்களைக் கேக்கத்தான்."

சந்திரகலா அவன் தலையையே பார்த்தாள். ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம்.

"இன்னா இது?"

"உங்க அப்பாவைப் பாக்க வரணும்ல... செவ்வாய்க்கிழமை, சலூன் லீவு. கத்தரிக்கோல் கையில இருந்துச்சு..."

முதல் முறையாக அவள் அடக்காமல் சிரித்தாள்.

"எங்க மாடே தேவலாம். ஞாயித்துக்கிழமை வாங்க... அதுக்குள்ள தழைச்சிடும்."