கடல்ராஜா எரியவில்லை

பிணத்தின் வலது மணிக்கட்டில் டார்ச் கட்டியிருந்தது.

திருப்பாலைக்குடிக் கரை. காலை ஏழரை மணி.

ஈர மணலில் மல்லாந்து கிடந்தான் நம்புராஜன். வயது இருபத்தாறு. பின்மண்டை உடைந்திருந்தது. பாதி திறந்த கண்கள் வானத்தை முறைத்துக்கொண்டிருந்தன.

"தம்பீ...!"

கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்தாள் முருகேஸ்வரி. நம்புராஜனின் அக்கா. பஸ் நிறுத்தத்தை ஒட்டி டார்ச், எமர்ஜென்சி லைட் ரிப்பேர் கடை வைத்திருப்பவள். அப்பா அம்மா போன பிறகு அவனை வளர்த்து ஆளாக்கியவள்.

மேலே விழுந்து கதறப் போகிறாள் என்று எல்லோரும் விலகி நின்றார்கள்.

அவள் கதறவில்லை.

தம்பியின் கையைத் தூக்கினாள். அதில் தொங்கிய டார்ச்சைப் பார்த்தாள். மஞ்சள் நிறம். 'கடல்ராஜா' என்று கொட்டை எழுத்து.

ஸ்விட்சை அழுத்தினாள்.

எரியவில்லை!

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனேலே...!" அவள் குரல் கரையையே அதிர வைத்தது. "கடல்ராஜாவத் தொடாத, அது டார்ச்சே இல்ல, வெளையாட்டுச் சாமான்னு சொன்னேனே! பழசு ஒடஞ்சு போச்சு, நானே நல்லதா வாங்கிக்கிறேன்னியே... இதத்தான் வாங்குனியா? கேட்டியாலே என் பேச்ச? கேட்டியா?"

பிணத்தின் தோளைப் பிடித்து உலுக்கினாள். நான்கு பேர் சேர்ந்து அவளை இழுக்க வேண்டியிருந்தது.

ஜீப் வந்து நின்றது. சப்-இன்ஸ்பெக்டர் உமையாள் இறங்கினாள். உடலைச் சுற்றி ஒரு நடை நடந்தாள்.

"யாரு கொண்டு வந்தது?"

"நான்தான் மேடம்." முன்னால் வந்தான் பாண்டித்துரை. சொந்தமாக இன்ஜின் படகு வைத்திருப்பவன். நாற்பது வயது. கழுத்தில் தடித்த செயின். "இன்ஜின்ல வேலை பாத்துட்டு ஓட்டிப் பாக்கலாம்னு விடியக்காலம் ஒத்தையாப் போனேன். ஆறு மணி இருக்கும். இவன் வள்ளம் கவுந்து கெடந்துச்சு. இவன் வலை மிதவையில சிக்கிக் குப்புறக் கெடந்தான். கை ரெண்டும் தண்ணிக்குள்ள தொங்குச்சு. தூக்கிப் போட்டுக் கொண்டாந்தேன்."

உமையாள் அவன் சொன்னதை வார்த்தைக்கு வார்த்தை நோட்டில் எழுதினாள்.

"எத்தனை மணிக்குக் கடலுக்குப் போனாரு?"

"மூணு மணிக்கு" என்றாள் முருகேஸ்வரி, பல்லைக் கடித்துக்கொண்டு.

"அப்ப கிட்டத்தட்ட மூணு மணி நேரம் தண்ணியில கெடந்திருக்கணும்."

"கண்டிப்பா மேடம்!" பாண்டித்துரை தலையில் அடித்துக்கொண்டான். "இருட்டுல எவனோ இன்ஜின் போட்ட இவன் வள்ளத்து மேல ஏத்திட்டுப் போயிருக்கான். டார்ச்ச அடிச்சுக் காட்டியிருந்தா விலகிப் போயிருப்பான்ல? இந்தச் சனியன் பிடிச்ச டார்ச்சால ஒரு உசுரு போச்சே... இத எவன்டா நம்மூருல விக்கிறது?"

"வாவு முகம்மது கடையில!" கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

முருகேஸ்வரி அடுத்த நொடி திரும்பினாள். மணலை வாரி இறைத்தபடி பஜாரைப் பார்த்து நடந்தாள்.

பின்னாலேயே ஐம்பது பேர்.

கடைக்கு ஆபத்து என்று உமையாளுக்குப் புரிந்துவிட்டது. ஆம்புலன்ஸ் வரும்வரை ஒரு கான்ஸ்டபிளை உடலருகே நிறுத்திவிட்டு, டார்ச்சைக் கழற்றிப் பாலிதீன் கவரில் போட்டுக்கொண்டு ஜீப்புக்கு ஓடினாள்.

---

படார்!

வாவு முகம்மது கடையின் கண்ணாடிப் பெட்டி நொறுங்கியது. உள்ளே வரிசையாக நின்ற டார்ச்சுகள் சிதறி ஓடின.

"தங்கச்சி... தங்கச்சி... கொஞ்சம் பொறு!" வெள்ளைத் தாடியோடு கைகளைக் குவித்தார் வாவு முகம்மது. "நம்பு மௌத்தானது இப்பத்தான் காதுல விழுந்துச்சு. நானே கரைக்கு வரத்தான் கதவச் சாத்தப் போனேன்..."

"தங்கச்சின்னு சொல்லாத பாய்!" முருகேஸ்வரி கையில் இருந்த ஸ்டூலை ஓங்கினாள். "ஒன் யாவாரத்துக்கு என் தம்பி போய்ட்டான்! மேல மழமழன்னு பெயிண்டு... உள்ள குப்பை! இத வித்த காசுலயா நீ சோறு திங்கிற?"

"கடைய ஒடைங்கடா!" பின்னாலிருந்து கத்தினான் பாண்டித்துரை. "என்னடா பாத்துக்கிட்டு நிக்கிறீக?"

ஒரு கல் பறந்து வந்தது. வாவு முகம்மதுவின் நெற்றியை உரசிக்கொண்டு சுவரில் மோதியது. ரத்தம்!

டமால்!

உமையாளின் லத்தி ஜீப்பின் பானட்டில் இறங்கியது.

"அடுத்த கல்ல எடுக்குறவன் யாருன்னு பாக்கணும். எடு! எடுடா பாக்கலாம்!"

கூட்டம் உறைந்தது.

"அல்லா அறியச் சொல்றேன் மேடம்..." நெற்றியைத் துண்டால் அமுக்கிக்கொண்டு வாவு முகம்மது பேசினார். "கடல்ராஜாவ நான் விக்கிறது உண்மை. வீட்டுல கரண்டு போனா அடிக்கிறதுக்குன்னு கேக்குறாக, குடுக்குறேன். கடலுக்குப் போறவுகளுக்குக் குடுக்குறதில்ல. நம்பு நேத்து அந்திக்கு வந்தான். 'அக்கா நீலவால் டார்ச்தான் வாங்கச் சொல்லிருக்கு'ன்னு நீலவால் வாங்கிட்டுப் போனான்."

"பொய்!" முருகேஸ்வரி அலறினாள். "அப்ப அவன் கையில கட்டியிருந்தது என்ன? வானத்துலருந்தா விழுந்துச்சு? மேடம், இந்தாளு விக்கிற லட்சணத்த இப்பவே காட்டுறேன். இதே இடத்துல!"

தரையில் கிடந்தவற்றிலிருந்து இரண்டு புது டார்ச்சுகளைப் பொறுக்கினாள். ஒன்று நீலவால். மற்றது கடல்ராஜா.

நீலவாலின் பின்மூடியைத் திருகினாள். ஒன்று... இரண்டு... மூன்று... ஏழு சுற்று வந்த பிறகுதான் கழன்றது.

"பாருங்க. ஒடம்பு முழுக்க அலுமினியம். மரை ஆழமா வெட்டியிருக்கு. ரப்பர் வளையம் ஒண்ணுக்கு ரெண்டா போட்டுருக்கான். கிரீஸ் தடவிருக்கான். முன்னாடி கெட்டிக் கண்ணாடி. பல்பு சூட்ட இழுக்க அடியில செம்புத் தகடு. கீழ போட்டாலும் எரியும், தண்ணியில போட்டாலும் எரியும்."

கடல்ராஜாவைத் திருகினாள். ஒன்றரைச் சுற்றில் மூடி கையோடு வந்துவிட்டது!

"இதப் பாருங்க! வெறும் பிளாஸ்டிக்குக்கு மேல பெயிண்டு. ரப்பர் வளையம் இருக்க வேண்டிய பள்ளம் இருக்கு... வளையத்தக் காணோம்! வயர ஈயம் வச்சு ஒட்டுன லட்சணம், ஊதுனா விட்டுரும். இத எப்புடிச் செஞ்சானோ தெரியல... மனுசனா அவன்?"

அவள் குரல் உடைந்தது. உடனே இறுகியது. கடையின் ஓரத்தில் இருந்த தண்ணீர் வாளியை இழுத்தாள். இரண்டையும் திருகி மூடி, எரியவிட்டு உள்ளே போட்டாள்.

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

ஒரு நிமிடம். கடல்ராஜாவிலிருந்து குமிழி... குமிழி... குமிழி.

நான்காவது நிமிடம். கண் சிமிட்டியது.

ஆறாவது நிமிடம். செத்துப் போனது!

நீலவால் வாளியின் அடியிலிருந்து கூரை வரைக்கும் வெளிச்சம் வீசிக்கொண்டிருந்தது.

முருகேஸ்வரி கடல்ராஜாவை எடுத்துக் கவிழ்த்தாள். உள்ளிருந்து தண்ணீர் கொட்டியது.

"ஆறே நிமிசம்! இதே கதிதான் என் தம்பிக்கும். மேடம், அவன் டார்ச்சக் குடுங்க. அதுக்குள்ள எம்புட்டு உப்புத்தண்ணி இருக்குன்னு இந்தப் பாய் கண்ணால பாக்கட்டும்!"

உமையாள் ஒரு வினாடி யோசித்தாள். பிறகு கவரோடு டார்ச்சையும் கைக்குட்டையையும் கொடுத்தாள்.

"துணியால பிடிச்சு, என் கண்ணு முன்னால தொறங்க."

முருகேஸ்வரி மூடியைத் திருகினாள். ஒன்றரைச் சுற்று. கழன்றது. கவிழ்த்தாள்.

தண்ணீர் வரவில்லை.

உதறினாள். ஒரு சொட்டுகூட இல்லை!

விரலை உள்ளே விட்டுத் தடவினாள். ஸ்பிரிங் பளபளவென்று மின்னியது. பேட்டரி மேல் ஒட்டியிருந்த காகிதச் சீட்டு மொரமொரப்பாக, காய்ந்துபோய் இருந்தது. பேட்டரியை எடுத்துக் கடையில் இருந்த மீட்டரில் வைத்தாள். முள் அசையவில்லை. வெறும் சார்ஜ் தீர்ந்த பேட்டரி.

அவள் கை நின்றது. கோபமும் ஒரு கணம் நின்றது.

"மேடம்..."

"சொல்லுங்க."

"மூணு மணி நேரம் கடல்ல கெடந்துச்சுன்னாக. ஆறு நிமிசம் தாங்காத டார்ச்... மூணு மணி நேரம் கெடந்தும் உள்ள ஈரமே இல்ல."

"அப்படின்னா?"

"இது கடலுக்குள்ள எறங்கவே இல்ல மேடம்! தம்பியத் தண்ணிய விட்டுத் தூக்குனதுக்கு அப்புறம்... யாரோ கட்டி விட்டுருக்காக."

பாண்டித்துரை கூட்டத்துக்குப் பின்னால் நகர்ந்தான்.

உமையாள் மெல்லத் திரும்பினாள். நோட்டைப் புரட்டினாள்.

"கை ரெண்டும் தண்ணிக்குள்ள தொங்குச்சுன்னு சொன்னது நீதான் பாண்டித்துரை. ஒத்தையாத் தூக்கினதும் நீதான்."

"எ... என்ன மேடம் இது? ஒதவி செஞ்சவன் மேலயே...!" பாண்டித்துரைக்குக் கழுத்துச் செயினோடு சேர்த்து வேர்த்தது. "எனக்கென்ன தெரியும்? அவன் ரெண்டு டார்ச் வச்சிருந்திருப்பான். நான் தூக்கும்போது அந்தப் பச்ச டார்ச் அவன் கையில இல்ல. அம்புட்டுத்தான்!"

வாவு முகம்மது நெற்றியிலிருந்து துண்டை எடுத்தார்.

"பச்சையா?"

"ஆமா, அந்த நீலவால்..."

"நீலவால் இத்தன வருசமா நீலக் கலர்லதான் வருது. பச்சைக் கலரு நேத்து சாயந்தரந்தான் மொத தடவையா வந்துச்சு. ஒண்ணே ஒண்ணு. அத நம்புதான் வாங்குனான். நான் யாருகிட்டயும் கலரு சொல்லல..." அவர் பாண்டித்துரையை நேராகப் பார்த்தார். "ராத்திரி கடல்ல பாத்தவன் தவிர யாருக்கும் தெரியாது!"

பாண்டித்துரை ஓடத் திரும்பினான்.

திரும்பிய முகத்தில் முருகேஸ்வரி மறுபடி தூக்கிய ஸ்டூல் இறங்கியது!

"ஏலே...! சொல்லுலே! என் தம்பிய என்னலே செஞ்ச?"

மண்டியிட்டு விழுந்தான். மூக்கிலிருந்து ரத்தம் வழிய, கூட்டத்தைப் பார்த்தான். சற்று முன் அவன் தூண்டிவிட்ட அதே கூட்டம். இப்போது அவனைச் சுற்றி வட்டமாக நின்றது.

"சொல்லிடுறேன்... சொல்லிடுறேன் மேடம்! பிடிக்கத் தடை போட்ட கடல் அட்டை மூட்டைய அக்கரைக்குக் கடத்த இன்னொரு போட்டுக்கு மாத்திக்கிட்டுருந்தேன். திடீர்னு பகல் மாதிரி வெளிச்சம்... இவன்தான்! மூட்டையெல்லாம் போன்ல படம் புடிச்சான். கரைக்குப் போனதும் காட்டிக் குடுப்பேன்னான். போனப் புடுங்கி வீசிட்டு, அவன் கையில இருந்த டார்ச்சையும் புடுங்கி... அதாலேயே பின்மண்டையில..."

"டார்ச்ச என்ன பண்ணின?" உமையாளின் குரலில் பனிக்கட்டி.

"அது நசுங்கக்கூட இல்ல மேடம். எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. ரத்தமும் கறையுமா வச்சிருக்க முடியல. கடல்ல வீசுனேன். அடி ஆழம் போயும் எரிஞ்சுச்சு மேடம்... நான் அந்த எடத்த விட்டு வார வரைக்கும் கீழருந்து என்னையவே பாத்துக்கிட்டு..." அவன் கண்களை மூடிக்கொண்டான். "டார்ச் இல்லாம நம்பு கடலுக்குப் போக மாட்டான்னு ஊருக்கே தெரியும். வெறுங்கையாக் கெடந்தா டார்ச் எங்கன்னு கேப்பாக. அதான் அவன் வள்ளத்தக் கவுத்துட்டு, விடிஞ்சதும் என் போட்டுல கெடந்த கடல்ராஜாவக் கட்டிக் கொண்டாந்தேன். பழி அதுமேல போகட்டும்னு..."

முருகேஸ்வரியின் கையிலிருந்து ஸ்டூல் நழுவியது.

"அப்ப... அவன் என் பேச்சக் கேட்டுருக்கான்."

வாளிக்குள் இன்னும் எரிந்துகொண்டிருந்த நீலவாலைப் பார்த்தாள்.

"நல்லதத்தான் வாங்கிருக்கான். நான் செத்துக் கெடந்த புள்ளயப் போட்டு உலுக்கி... கேட்டியா, கேட்டியான்னு..."

கடை வாசலில் அப்படியே உட்கார்ந்தாள். காலையிலிருந்து வராத அழுகை, இப்போது வந்தது. வாய் விட்டு, தொண்டை கிழிய வந்தது.

வாவு முகம்மது தயங்கி அருகே வந்தார். அவர் காலைத் தொடக் குனிந்தவளைத் தடுத்துப் பிடித்தார்.

"என்னைய மன்னிச்சிருங்க பாய்... ஒங்க கண்ணாடி, ஒங்க நெத்தி..."

"நெத்தி ஆறிரும் தங்கச்சி. எந்திரி. தம்பிக்குச் செய்ய வேண்டியதப் பாக்கணும். நானும் கூட வாரேன்."

பாண்டித்துரையின் கையில் விலங்கு விழுந்தது. உமையாளோடு வந்த கான்ஸ்டபிள்கள் அவனை ஜீப்பில் தூக்கி எறியாத குறையாக ஏற்றினார்கள்.

உமையாள் வாளியில் செத்த டார்ச்சையும் அதன் அட்டைப் பெட்டியையும் சாட்சிக்காக எடுத்தாள். பெட்டியின் பின்பக்கத்தைப் படித்தவளுக்கு எரிச்சல் பொங்கியது.

"ஆறு நிமிசம் தாங்காத சாமானுக்கு எழுதியிருக்கறதப் பாருங்க... 'ஆயுள் உத்தரவாதம்'! என்ன நெஞ்சழுத்தம் இருக்கணும் இந்தக் கம்பெனிக்கு?"

முருகேஸ்வரி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். ஜீப்புக்குள் தலையைத் தொங்கப் போட்டிருந்த பாண்டித்துரையைக் கண்களால் எரித்தாள்.

"கம்பெனி பொய் சொல்லல மேடம். ஆயுள் டார்ச்சுக்கில்ல... அதக் கட்டி விட்டவனுக்கு!"