அசைவு தந்தவள்

மூட்டு வார்டில் ஆட்கள் எப்போதும் இரண்டிரண்டு பேராகத்தான் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் முறுக்கைக் கடித்தால் எதிரில் இருப்பவருக்குத் தாடை அசையும். அன்றைக்கு ஜன்னல் ஓரத்தில் ஒரு லாரி ஓட்டுநர் இருந்தார். அவர் தாடையை அசைத்துக் கொடுக்கும் அசைவாளர் தங்கைதான். தங்கைக்குக் காலையிலிருந்தே தூக்கம். அவள் கொட்டாவி விட்டபோதெல்லாம் அண்ணனின் வாயும் கூடவே பிளந்து, வலியில் கண்ணில் நீர் வந்தது. கடைசியில் எழுதுபலகையை எடுத்து, "போய் ஒரு காப்பி குடிச்சுத் தொலை, எருமை" என்று எழுதிக் காட்டினார். அவள் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அது கொட்டாவியைவிடப் பெரிய தப்பாகப் போனது.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு இளம்பரிதியும் அவர் மனைவி யோகேஸ்வரியும் டாக்டர் ரெஜினாவின் அறைக்கு வெளியே காத்திருந்தார்கள்.

இளம்பரிதியை மதுரைப் பக்கம் தெரியாதவர்கள் கிடையாது. 'நகைமுரசு' என்று பட்டம். எந்த ஊரில் பட்டிமன்றம் நடந்தாலும் நடுவர் நாற்காலி அவருக்குத்தான். தலைப்பு எதுவாக இருந்தாலும் பேச்சு எப்படியோ அவர் வீட்டுக்குள் போய்விடும். பெண்டாட்டி வாயாடி, தான் அப்பாவி. அவ்வளவுதான் சரக்கு. அதை வைத்தே மூன்று மாடி கட்டியிருந்தார். இராத்திரியெல்லாம் பல்லை நறநறவென்று கடிக்கும் பழக்கம் வேறு இருந்ததால் தாடை மூட்டு இரண்டு பக்கமும் தேய்ந்து போயிற்று. முதலில் உலோக மூட்டு வைத்தார்கள். அது ஆடிப்போய், சீழ் பிடித்து, அதைக் கழற்றும்படி ஆனது. இப்போது வாய் ஒரு கோடு அளவுக்குத்தான் திறந்தது. இனி வளர்மூட்டு ஒன்றுதான் வழி.

டாக்டர் ரெஜினா பொறுமையாக விளக்கினார்.

"உங்க எலும்பிலிருந்தே செல் எடுத்து வளர்க்கிற மூட்டு சார் இது. உள்ளே வெச்ச முதல் மூணு மாசம் களிமண் மாதிரி இருக்கும். எந்த அளவுக்கு அசையுதோ அந்த அளவுக்கு மூட்டாகும். அசையாத இடமெல்லாம் எலும்பா இறுகிடும். ஆனா வலிக்குப் பயந்து யாரும் தானா அசைக்கிறதில்லை. அதனால உங்க தசையை நாங்க தூங்க வெச்சிடுவோம். உங்க தாடையை இன்னொருத்தர் அசைப்பாங்க."

"மெஷின் வெச்சு ஆட்டக் கூடாதா?" இறுகிய பல்லுக்கு நடுவே இளம்பரிதி கேட்டார்.

"ஆட்டிப் பார்த்தோம். அந்த நோயாளிகளுக்கெல்லாம் சோத்தை அரைக்க வருது, பேச வரலை. பேசுற வாய் எப்படிப் போகும்னு மூட்டுக்கு ஒரு உயிருள்ள வாய்தான் சொல்லித் தரணும்."

"என்கிட்ட ஆயிரம் வீடியோ இருக்கே. என் பேச்சை வெச்சே எனக்குச் சொல்லித் தரலாமே?"

"வீடியோவில உதடுதான் சார் தெரியும். எலும்பு தெரியாதே." டாக்டர் ஒரு மெல்லிய பட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். காதிலிருந்து காதுவரை தாடைக்குக் கீழே ஒட்டிக்கொள்ளும் அசைவுப்பட்டை. "இதைப் போட்டிருக்கிறவங்க எவ்வளவு வாயைத் திறக்கிறாங்களோ, உங்க வாயும் அவ்வளவு திறக்கும். ஒருத்தர் போட ஆரம்பிச்சா கடைசிவரைக்கும் அவரேதான் போடணும். நடுவில ஆளை மாத்தினா மூட்டு வீங்கி நாசமாப் போயிடும். அதனால நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உங்க வீட்டிலேயே அதிகம் பேசுறது யாரு?"

இளம்பரிதியின் தம்பி மதியழகன் வெளியேதான் நின்றிருந்தான். மீன் ஏலம் விடுகிறவன். அவன் மூச்சு விடுவதே பேச்சுக்கு நடுவில்தான். 'நான் போட்டுக்கிறேண்ணே' என்று காரில் வரும்போதே சொல்லியிருந்தான்.

இளம்பரிதி யோசிக்கவே இல்லை. "இவதான் டாக்டர். கல்யாணத்தன்னிக்குத் திறந்த வாய், இன்னும் மூடலை."

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் டிவியில் பார்த்திருக்கிறார். "அப்படியாம்மா? நல்லா பேசுவீங்களா?"

யோகேஸ்வரி பதில் சொல்ல நிமிர்ந்தாள்.

"அதெல்லாம் பேசுவா. நிறுத்தறதுக்குத்தான் ஆள் வேணும்" என்றார் இளம்பரிதி.

யோகேஸ்வரி தலையாட்டினாள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த வீட்டில் யோகேஸ்வரி பேசி யாரும் கேட்டதில்லை. கல்யாணமான புதிதில் பேசியவள்தான். ஒரு தடவை பால்காரர் தண்ணீர் கலப்பதைப் பற்றிச் சாப்பாட்டு வேளையில் சொன்னாள். அடுத்த வாரம் திண்டுக்கல் மேடையில் அது வேறு மாதிரி வந்தது. இரண்டாயிரம் பேர் சிரித்தார்கள். அம்மா செத்த துக்கத்தில் அழுதுகொண்டே ஏதோ சொன்னாள். அதுவும் வந்தது. எதைச் சொன்னாலும் மேடைக்குப் போகிறது என்று தெரிந்தபின், கேட்டதற்கு 'சரிங்க', கேட்காததற்கு 'ம்' என்று சுருக்கிக்கொண்டாள். அதையும் உதடு பிரியாமல் சொல்லக் கற்றுக்கொண்டாள். இளம்பரிதிக்கு இது தெரியாதா என்றால், தெரியாது. மேடையில் சொல்லிச் சொல்லி, வீட்டில் இருப்பவள் அந்த வாயாடிதான் என்று அவரே நம்பிவிட்டார்.

அறுவை நன்றாகவே முடிந்தது. முகம் பூசணிக்காயாக வீங்கி, குழாய் வழியாகக் கஞ்சி குடித்துக்கொண்டு இளம்பரிதி வீட்டுக்கு வந்தார். யோகேஸ்வரி பட்டையை ஒட்டிக்கொண்டாள்.

முதல் நாள் முழுக்க வீட்டில் சத்தமே இல்லை. சாயங்காலம் இளம்பரிதி பலகையில் எழுதினார்: "பேசு."

"என்னங்க பேச?"

அந்த இரண்டு சொல்லுக்கு அவர் தாடை இரண்டு தடவை நடுங்கி நின்றது.

"தினமும் என்ன பேசுவியோ அதைப் பேசு."

யோகேஸ்வரி அவரை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு சமையற்கட்டுக்குப் போய்விட்டாள். தட்டில் சோறு போட்டு உட்கார்ந்து முதல் கவளம் மெல்லும்போது கூடத்திலிருந்து மேசையைத் தட்டும் சத்தம் கேட்டது. ஓடினாள். அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எழுதினார்: "நீ திங்கறது எனக்கு வலிக்குது. சாப்பிடும்போது கழட்டு."

"டாக்டர் கழட்டக் கூடாதுன்னு..."

"கழட்டு."

கழற்றினாள்.

மூன்றாம் வாரம் ராமநாதபுரத்திலிருந்து அவள் அக்கா பானு கூப்பிட்டாள். பேரப்பிள்ளை கோயில் குருக்களின் குடுமியைப் பிடித்து இழுத்த கதையைச் சொன்னாள். குருக்கள் மந்திரத்தையும் விடாமல், குடுமியையும் விடுவிக்க முடியாமல், 'நமஹ, விடுடா, நமஹ, விடுடா' என்று அர்ச்சனையை முடித்தாராம். யோகேஸ்வரி மாடிப்படியில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு கடைவாய்ப் பல் தெரியச் சிரித்தாள்.

கீழே இளம்பரிதியின் வாய் மூன்று விரல் அகலத்துக்குப் பிளந்தது. அவர் தசைகள் தூக்கத்தில் இருந்ததால் மூடவும் முடியவில்லை. அவள் சிரிப்பு நிற்கிற வரைக்கும் அப்படியே நின்றார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்து, கையில் இருந்த எவர்சில்வர் டம்ளரை அவள் முகத்தில் எறிந்தார். புருவத்துக்கு மேலே வெட்டிக்கொண்டு ரத்தம் வந்தது. போனில் பானு, "என்னடி சத்தம்? ஏட்டி யோகா, என்னடி?" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

யோகேஸ்வரி போனை அணைத்தாள்.

அவர் பலகையை நீட்டினார். "என்னைப் பத்தித்தானே சிரிச்சே?"

அன்று மாலையே டாக்டர் ரெஜினா திரையில் வந்தார். அவர் முகமெல்லாம் சிரிப்பு. "இன்னிக்கு என்னம்மா பண்ணீங்க? அசைவு வரைபடம் எங்கேயோ போயிருக்கே! இத்தனை நாள்ல இன்னிக்குத்தான் முழுசாத் திறந்திருக்கு."

"சிரிச்சேன் டாக்டர்."

"அருமை! தினமும் சிரிங்க. சார், சிரிக்க வைங்க, உங்களுக்கா சொல்லித் தரணும்?"

இளம்பரிதி திரைக்கு நேரே பலகையைப் பிடித்தார். "அவ சிரிச்சா எனக்கு வலிக்குது."

"வலிச்சாத்தான் சார் திறக்கும்."

அவர் திரையை அணைத்தார்.

பேசவும் வேண்டும், அவள் இஷ்டத்துக்குப் பேசவும் கூடாது. இதற்கு இளம்பரிதி ஒரு வழி கண்டுபிடித்தார். அவருடைய பழைய மேடைப் பேச்சுகள் எல்லாம் எழுத்தில் இருந்தன. காலையில் இரண்டு, மாலையில் இரண்டு என்று அவற்றை யோகேஸ்வரி அவருக்கு எதிரே உட்கார்ந்து சத்தமாகப் படிக்க வேண்டும். தன் பேச்சே தன் வாயில் ஓடும். மூட்டுக்கு அதைவிட நல்ல வாத்தியார் ஏது?

நெற்றியில் பிளாஸ்திரியோடு யோகேஸ்வரி படித்தாள்.

"எங்க வீட்ல கரண்ட் போனாலும் ரேடியோ நிக்காதுங்க. ஏன்னா நான் ரேடியோவுக்குத்தான் தாலி கட்டியிருக்கேன்."

எதிரே அவர் தாடை மெல்ல அசைந்தது. கண்ணால் சிரித்துக்கொண்டார்.

"என் மனைவியோட அம்மா செத்தப்போ அவ ஒப்பாரி வெச்சா பாருங்க. பாடையில இருந்த கிழவி எந்திரிச்சு, 'கொஞ்சம் மெதுவாடி'ன்னா."

அந்த வரியில் யோகேஸ்வரி நின்றாள். அவர் மேசையைத் தட்டினார். அடுத்த வரிக்குப் போனாள். பல் பிரியாமல், உதடு மட்டும் லேசாக அசைய, ஒரு எழுத்து விடாமல் படித்தாள். அவருக்கும் அதுதான் சௌகரியமாக இருந்தது. வலியே இல்லை. வீக்கம் வடிந்தது. 'நல்லா தேறிட்டு வருது' என்று பலகையில் எழுதி, பார்க்க வந்தவர்களிடமெல்லாம் காட்டினார்.

பட்டை எடுப்பதற்குப் பத்து நாள் இருக்கும்போது டாக்டர் ரெஜினா யோகேஸ்வரியை மட்டும் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டுப் பேசினார். பாவம், அவருக்கே குரல் கெஞ்சலாக இருந்தது.

"அம்மா, வரைபடம் பார்த்தா பயமா இருக்கு. ஒரு விரல்கூடத் திறக்கலை. இன்னும் களிமண் முழுசா இறுகலை, நேரம் இருக்கு. இந்தப் பத்து நாள் நல்லா வாயைத் திறந்து பேசுங்க, சத்தம் போடுங்க, சண்டை போடுங்க. அவரு திட்டினா திட்டட்டும். இதுக்கப்புறம் வெட்டித்தான் எடுக்கணும். வெட்டினா முக நரம்பு போகும். ஒரு கண்ணு மூடாது, உதடு தொங்கிடும். நாங்களே செய்ய மாட்டோம்."

"நான் எவ்வளவு திறக்கிறேனோ அவ்வளவுதானா டாக்டர்?"

"அவ்வளவுதாம்மா. அதுக்கப்புறம் ஆயுசுக்கும் அதுதான்."

"சரிங்க" என்றாள் யோகேஸ்வரி.

வீட்டுக்கு வந்தாள். குளியலறைக்குப் போய்த் தாழிட்டு, பட்டையைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி முன்னால் வாயைத் திறந்து பார்த்தாள். மூன்று விரலை நெடுக்காக வைத்தாள். தாராளமாகப் போயிற்று. இன்னும்கூட இடம் இருந்தது. அந்தக் காலத்தில் ஒரு முழு அதிரசத்தை ஒரே வாயில் போட்டுக்கொள்வாள் என்று பிறந்த வீட்டில் கேலி செய்வார்கள். கொஞ்ச நேரம் அப்படியே திறந்து வைத்திருந்தாள். பிறகு மூடிக்கொண்டு, பட்டையை ஒட்டி, அழுத்தித் தேய்த்துவிட்டு வெளியே வந்தாள்.

"இன்னிக்கு எதைப் படிக்கணும்?" என்று கேட்டாள்.

பத்து நாளும் படித்தாள்.

பட்டை எடுத்த அன்று தசைகளுக்கு விழிப்பு ஊசி போட்டார்கள். இளம்பரிதி தொண்டையைச் செருமினார். தாடை அசைந்தது. ஆனால் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே டாக்டரின் சுண்டுவிரல் நுழையவில்லை. இளம்பரிதி தன் கையாலேயே பிடித்து இழுத்துப் பார்த்தார். எலும்பு எலும்பாகவே இருந்தது.

"மூட்டுல ஒரு குறையும் இல்லை சார்" என்றார் டாக்டர், அவர் முகத்தைப் பார்க்காமல். "சீழ் இல்லை, நரம்பு நல்லா இருக்கு, தேயவே தேயாது. சொல்லிக் குடுத்ததை அப்படியே கத்துக்கிட்டிருக்கு."

"இவ..." இளம்பரிதியின் சத்தம் பல்லுக்குள்ளேயே சுற்றியது. "இவ வேணும்னே..."

"நீங்க குடுத்ததைத்தானே படிச்சேன்" என்றாள் யோகேஸ்வரி. வெளியே வந்ததும் வார்டு வாசலில் ஒரு கொய்யாக்காய் வாங்கி, அவர் பார்க்கப் பார்க்க ஒரே கடியில் பாதியை எடுத்தாள்.

சோற்றைக் கரைத்துக் குடிக்கலாம், உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் மேடை? தை மாதம் மேலூர்ப் பொங்கல் விழா. வருஷா வருஷம் அவர்தான் நடுவர். போகாவிட்டால் அந்த நாற்காலியில் உட்கார நாலு பேர் காத்திருந்தார்கள். ஒலிபெருக்கியைக் கூட்டி வைத்தால் சமாளித்துவிடலாம் என்று நினைத்துப் போனார்.

திடல் நிறைய ஜனம். இடது பக்கம் ஆண்கள், வலது பக்கம் பெண்கள். முன்வரிசையில் யோகேஸ்வரி. இளம்பரிதி எழுந்தார்.

"பெரியோரே, தாய்மாரே..."

உதடு பிரியாத, பயந்த, சின்னக் குரல் ஒன்று ஒலிபெருக்கியில் வந்தது. ஆண்கள் பக்கம் ஒரு விநாடி ஒன்றும் புரியவில்லை. பிறகு ஒருவன் தொடையைத் தட்டினான். "ஏலே, அப்படியே எம் பொண்டாட்டி கணக்கா பேசுறாருடா!"

திடலே அதிர்ந்தது.

"சிரிக்காதீங்க. எனக்கு... வாய் திறக்கலைங்க."

துண்டை வீசினார்கள். விசில் அடித்தார்கள். நாற்காலியிலிருந்து விழுந்தார்கள். அவர் கண்ணில் நீர் வந்தது. "பாருடா, கண்ணீரைக்கூட விட்டுவைக்கல மனுசன்!" என்று அதற்கும் கை தட்டினார்கள்.

பெண்கள் பக்கம் மட்டும் சத்தம் இல்லை. அவர்கள் அந்த வாயை எங்கோ பார்த்திருந்தார்கள். ஒருத்தி பக்கத்தில் இருந்தவளைத் திரும்பிப் பார்த்தாள். இன்னொருத்தி முந்தானையால் தன் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

விழாக்குழுத் தலைவர் மேடைக்கு ஓடி வந்து இளம்பரிதியின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு மைக்கைப் பிடுங்கினார். "அண்ணே, கொன்னுட்டீங்க! மாசி, பங்குனி, சித்திரை, எல்லா ஊர் திருவிழாவுக்கும் நீங்கதான். ஆனா ஒரே கண்டிசன். இதே மாதிரிதான் பேசணும், பழைய குரல் வேண்டவே வேண்டாம். என்னண்ணே, சம்மதமா?"

ஜனம் பதிலுக்காக அடங்கியது.

மாட்டேன் என்று சொல்ல இளம்பரிதி வாயைத் திறந்தார். தாடை கொஞ்சம் இறங்கி, தெரிந்த இடத்தில் நின்றது. மறுபடி முயன்றார். கழுத்து நரம்பு புடைத்தது. அதற்கு மேல் எப்படிப் போவது என்று மூட்டுக்குத் தெரியவில்லை.

"சரிங்க" என்று வந்தது.