பன்னிரண்டாவது படம்

பர்வின் வீட்டு ஆல்பத்தில் எல்லாரும் இருக்கிறார்கள். அடுத்த வீட்டு ஆடுகூட மூன்று படங்களில் இருக்கிறது. அவள் அத்தா என்று கூப்பிடும் அப்பா மட்டும் ஒன்றில்கூட இல்லை. எப்படி இருப்பார்? எல்லாப் படங்களையும் எடுத்தவரே அவர்தான்!

துபாயில் வேலை பார்க்கும் அத்தா, லீவுக்கு வரும்போதெல்லாம் ஒரு ஃபிலிம் ரோல் கொண்டுவருவார். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு லென்ஸ் வைத்த பழைய கேமரா அவருடையது. ஒரு ரோலுக்குப் பன்னிரண்டே படம், அதுவும் கறுப்பு வெள்ளையில். கடைசிப் படம், அவர் கிளம்பும் நாளில் அம்மாவை எடுப்பதற்கு.

இதோ, அந்த நாளும் வந்துவிட்டது. இன்னும் ஒரு மணி நேரத்தில் கார் வந்துவிடும்.

"அம்மா, கடைசிப் படத்தை எனக்குத் தர்றீங்களா? அத்தாவை எடுக்கணும்" என்றாள் பர்வின்.

அம்மா நஃபீசா அவளையே பார்த்தார். "எடுத்துக்கம்மா. இத்தனை வருஷமா எனக்கு இது தோணவே இல்லையே!"

"போன்ல நூறு எடுக்கலாமே!" என்று சிரித்தான் அண்ணன் சுஹைப்.

"எடுத்து? அது போன்லயேதான் கிடக்கும். ஆல்பத்துல அத்தா இல்லையே!"

வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் கரையில் அத்தா நின்றார். "பின்னாடி வயல் தெரியட்டும்மா. அங்க போய் இதைத்தான் நினைச்சுக்கிட்டுக் கிடப்பேன்."

பர்வின் கேமராவை வயிற்றோடு அணைத்து, மேலே இருந்த கண்ணாடியைக் குனிந்து பார்த்தாள். அதில் இடம் வலமாகத் தெரியும்.

"அத்தா, இந்தப் பக்கம் வாங்க... ஐயய்யோ, அந்தப் பக்கம்!"

அத்தா நண்டு மாதிரி அங்கும் இங்கும் நகர்ந்தார். சுஹைப் விழுந்து விழுந்து சிரித்தான்.

ஆனால் பர்வினின் முகம் வாடிவிட்டது. சாய்ந்த வெயில் நேரே கேமராவில் அடித்தது. கண்ணாடியில் அத்தாவின் முகம் புகை மூடியதுபோல வெளிறிக் கிடந்தது.

"பழைய லென்ஸும்மா. வெயில் பட்டா கான்ட்ராஸ்ட் போயிடும், கறுப்பு கறுப்பா இருக்காது. விடு, அம்மாவையே எடுத்துடலாம்."

விடுவாளா பர்வின்? வெயிலில் கண் கூசினால் நாம் நெற்றியில் கை வைத்துக்கொள்வதில்லையா?

"அண்ணே, குடையை எடுத்துட்டு ஓடி வா!"

சுஹைப் குடையை விரித்துப் பிடித்தான். அடடா! அத்தா பளிச்சென்று தெரிந்தார். தாடியின் கறுப்பும், அதற்குள் இருந்த நரையும் தனித்தனியாகத் தெரிந்தன.

"எடு, எடு! கார் வந்துரும்!"

"இருண்ணே! மேல் லென்ஸ் நாம பார்க்கறதுக்கு. படம் பிடிக்கறது கீழ் லென்ஸ்தானே?"

எட்டிப் பார்த்தாள். நினைத்தது சரிதான். கீழ் லென்ஸில் இன்னும் வெயில் விழுந்துகொண்டிருந்தது.

"கொஞ்சம் சாய்ச்சுப் பிடி... போதும், போதும்! அத்தா, சிரிங்க!"

க்ளிக்!

ஃபிலிமைச் சென்னைக்கு அனுப்பிப் படம் வந்துசேர மூன்று வாரம் ஆனது. அம்மா அதை ஆல்பத்தில் ஒட்டினார். வீடியோ காலில் பர்வின் காட்டினாள்.

அத்தா போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய், கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

"நல்லா இல்லையா அத்தா?"

"எங்க அத்தா மாதிரியே இருக்கேம்மா." அவர் கண்ணில் நீர் தளும்பியது. "நான் கேமரா வாங்கறதுக்கு முன்னாடியே அவங்க போயிட்டாங்க. ஒரு படம்கூட இல்ல. இப்பத்தான் மறுபடி பார்க்கிறேன்."

பர்வினுக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் அடக்கிக்கொண்டு சொன்னாள்:

"அழாதீங்க அத்தா. அடுத்த லீவுக்கு ரெண்டு ரோல் கொண்டு வாங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டே அத்தா சிரித்துவிட்டார்.