ஒருவருக்கான காற்று

கேஜில் முள் கொஞ்சம் அவசரப்பட்டது. சிலிண்டரில் இருந்தது ஓர் ஆள் ஒரு மணி நேரம் மூச்சு விடுவதற்கான காற்று. பத்தே நிமிடத்தில் மூன்றில் ஒரு பங்கு போயிருந்தது. சரியாக இரண்டு மடங்கு வேகம்.

மெக்கானிக் பதறவில்லை. பழைய கடற்படை முக்குளிப்புக் கவசங்களைப் பழுது பார்த்தே முடி நரைத்தவர். இன்னொருவர் தலையில் மாட்டும் முன் தன் தலையில் மாட்டிப் பார்த்துவிடுவார். அதில் கொஞ்சம் வீம்பும் உண்டு. இந்தத் தாமிரத் தலைக்கவசத்துக்கு மேலிருந்து காற்றுக்குழாய் கிடையாது. விடுகிற மூச்சே சுத்தமாகி, மார்பில் தொங்கும் ரப்பர் பைக்குப் போய், மறுபடி மூக்குக்கு வரும். குறைவதை மட்டும் மேஜைமேல் இருக்கும் சிலிண்டர் ஈடுகட்டும்.

"தலையில அண்டாவைக் கவுத்த மாதிரி இருக்கு மாமா" என்று சிரித்துக்கொண்டேதான் மச்சினன் பின்கழுத்து போல்ட்டுகளை முடுக்கினான். கனம் கழுத்தை ஒடிக்காமலிருக்கக் கவசத்தை உத்தரத்துச் சங்கிலியில் மாட்டினான். ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டு பக்கத்து அறைக்குச் சாப்பிடப் போனான். இனி அவன் வந்து திறந்தால்தான் உண்டு.

கசிவாக இருக்கும் என்று சோப்புத் தண்ணீரைத் தொட்டு வால்வில், குழாயில், பையின் ஒட்டில் தடவிப் பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை. காற்று வெளியே போகவில்லை. அப்படியானால் உள்ளேதான் செலவாகிறது.

பித்தளை வாடை, ரப்பர் வாடை, அவற்றுக்கடியில் ஈரத்துணியை நாள்கணக்கில் மூடி வைத்தது போல ஒரு வாடை. தன் மூச்சு வட்டமடித்துக் காதருகே வந்து விழும் சத்தம், அது விழுந்ததும் இன்னொன்று, சற்றுத் தாமதமாக, சற்று ஈரமாக. எதிரொலி என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

மார்பில் பை சுருங்கியது. உப்பியது. மறுபடி சுருங்கியது.

இப்போது நிஜமாகவே பயந்துபோனார். கத்தினார். தாமிரமும் தடித்த கண்ணாடியும் அவர் குரலை அவருக்கே திருப்பித் தந்தன. எழுந்து ஓடப் பார்த்தார். சங்கிலி இரண்டடிக்கு மேல் விடவில்லை. தட்டத்தான் வேண்டும். மூன்று தட்டு என்றால் கழற்று, நான்கு என்றால் இன்னும் கொஞ்ச நேரம் ஆகட்டும். இருபது வருடமாக இருவருக்கும் இதுதான் பாஷை. சுத்தியலை எடுத்துக் கவசத்தில் தட்டினார்.

ஒன்று. இரண்டு. மூன்று.

நான்கு.

நான்காவது, உள்ளிருந்து.

"சரி மாமா, மெதுவாவே ஆகட்டும்" என்று பக்கத்து அறையிலிருந்து மச்சினன் குரல் மங்கலாகக் கேட்டது.

மறுபடி மூன்று தட்டினார். உடனே, பிடரிக்குப் பக்கத்தில், நான்காவது.

"கேட்டுடுச்சு மாமா. ஒரு தடவை சொன்னா போதாதா?"

வியர்த்த கையிலிருந்து சுத்தியல் நழுவிக் கீழே விழுந்தது. குனிய முடியவில்லை. அந்தப் பக்கம் ரேடியோ பாட ஆரம்பித்தது.

முள் பாதியைத் தாண்டியது.

கண்ணாடிகளில் ஆவி படிந்தது. முன்னால். இடப்பக்கம். வலப்பக்கம். மேஜை மறைந்தது, கேஜ் மறைந்தது, கதவு மறைந்தது. இரண்டு கைகளாலும் மேஜை விளிம்பைத் தேடி இறுகப் பற்றிக்கொண்டார்.

வலப்பக்கக் கண்ணாடியில், உட்புறமாக, நான்கு விரல்கள் நிதானமாக ஆவியை வழித்துத் துடைத்தன.