உல்லா எதைப் பார்க்கிறது?

திங்கள்கிழமை காலை ஐந்து மணி பத்து நிமிடத்துக்கே உல்லா எழுந்துவிட்டது.

சமையலறையிலிருந்து வாசல்வரை நடந்தது. வாசலிலிருந்து சமையலறைக்குத் திரும்பியது. மறுபடி நடந்தது. நகங்கள் மரத்தரையில் டக் டக்கென்று விழுந்தன. மாடி அறையில் மார்னி கண் விழித்துப் படுத்திருந்தாள். கீழே இன்னொரு காலடிச் சத்தமும் கேட்டது. அது அப்பா. அவரும் ஒரு வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை.

உல்லா போலீஸ் நாய். பெல்லார்ட் காவல் நிலையத்தில் நான்கு போலீஸ்காரர்கள், ஒரே ஒரு நாய். அந்த நாய் மார்னியின் அப்பா ராய்ஸின் பொறுப்பு. வேலை முடிந்ததும் அவருடனேயே வீட்டுக்கு வரும். திருடர்கள் ஓடும்போது எறிந்துவிட்டுப் போகிற பொருள்களைப் புல்லில் தேடி எடுப்பது அதன் வேலை. பொருளைக் கண்டுபிடித்தால் பக்கத்திலேயே படுத்துவிடும். அப்பா பந்தை எறிவார். அந்தப் பந்தைவிடப் பெரிய பரிசு உல்லாவுக்கு உலகத்தில் கிடையாது.

வருடத்துக்கு ஒருமுறை போலீஸ் நாய்களுக்குத் தேர்வு உண்டு. போன மாதத் தேர்வில் உல்லா தோற்றுவிட்டது. வெள்ளிக்கிழமை மறுதேர்வு. அதிலும் தோற்றால், வாங்கிய நாய்ப் பண்ணைக்கே உல்லாவைத் திருப்பி அனுப்பவேண்டியதுதான் என்று நிலையத்தின் தலைவர் சீஃப் டால் சொல்லிவிட்டார். அவர் நல்ல மனிதர். அதைச் சொல்லும்போது அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் காபிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

மார்னிக்குப் புரியாத விஷயம் ஒன்று இருந்தது. பயிற்சியில் உல்லா ஒருமுறைகூடத் தோற்றதில்லை.

அன்று மாலை பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் காலி நிலத்தில் பயிற்சி நடந்தது. காற்று நிற்காமல் அடித்தது. அப்பா ஒரு கையுறையையும் ஒரு சாவியையும் புல்லுக்குள் ஒளித்துவைத்தார். பிறகு வண்டியிலிருந்து உல்லாவை இறக்கினார். "தேடு" என்றார்.

மார்னி வேலிமேல் உட்கார்ந்து பார்த்தாள். உல்லா வளைந்து வளைந்து ஓடியது. அப்பா பின்னாலேயே போனார். அவர் வாயில் சூயிங்கம் அசைந்துகொண்டே இருந்தது. சிகரெட்டை விட்ட நாளிலிருந்து அவர் வாயில் சூயிங்கம் இல்லாத நேரமில்லை.

உல்லா நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தது. கொஞ்சம் ஓடியது. மறுபடி நிமிர்ந்து பார்த்தது. கையுறைக்கு இரண்டடி தள்ளி வந்தபோது அப்பாவின் தாடை சட்டென்று நின்றது. உல்லா உடனே படுத்துவிட்டது.

பந்து பறந்தது. அப்பா சிரித்தார்.

சாவியின் பக்கத்திலும் அதேதான் நடந்தது. தாடை நின்றது. உல்லா படுத்தது.

மார்னி வேலியைவிட்டு இறங்கினாள். போன மாதத் தேர்வு நினைவுக்கு வந்தது. அன்று பொருள்களை ஒளித்துவைத்தவர் தேர்வாளர். எங்கே இருக்கின்றன என்று அப்பாவுக்குத் தெரியாது. அவர் மென்றுகொண்டே நடந்தார். உல்லா அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சுற்றியது. நேரம் முடிந்துபோனது.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவின் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சூயிங்கம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். உல்லாவைக் கொல்லைப்புறத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கே யாரும் எதையும் ஒளித்துவைக்கவில்லை.

"தேடு" என்றாள்.

உல்லா ஓடியது. அவள் மென்றுகொண்டே பின்னால் போனாள். துணிக்கொடிக்குக் கீழே வந்ததும் மெல்லுவதை நிறுத்தினாள்.

உல்லா படுத்துவிட்டது. வாலை ஆட்டிக்கொண்டு பந்துக்காகக் காத்திருந்தது. அதற்குக் கீழே வெறும் மண்.

இரவுச் சாப்பாட்டை அப்பா நின்றுகொண்டே சாப்பிட்டார். மார்னி அவரிடம் ஒரு விஷயம் சொல்லவேண்டும் என்றாள். வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் சொல்லச் சொன்னார். வெள்ளிக்கிழமைக்கு முன்னாலேயே சொல்லவேண்டிய விஷயம் என்றாள். அதற்குள் அவர் தட்டைக் கழுவ வைத்துவிட்டு உல்லாவோடு வெளியே போய்விட்டார்.

படுக்கையில் புரண்டு புரண்டு யோசித்தாள். எப்படி ஆரம்பித்தாலும் வாக்கியம் 'உங்களாலதான்' என்றே முடிந்தது. உல்லாவுக்காகத் தூக்கத்தைக்கூட விட்டவரிடம் அதை எப்படிச் சொல்வது?

செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டதும் மார்னி மூன்று பொருள்களை எடுத்துக்கொண்டாள். ஒரு ஸ்பூன், பழைய பூட்டு ஒன்று, தன் தலைக் கிளிப் ஒன்று. மனித வாசனை ஏறுவதற்காக அவற்றை உள்ளங்கையில் நன்றாகத் தேய்த்தாள். காலி நிலத்தில் ஒளித்துவைத்தாள். நான்கு மணிக்கு அப்பா வந்தார்.

"இன்னிக்கு நான் ஒளிச்சு வச்சிருக்கேன்பா. மூணு இருக்கு."

"எங்க?"

"சொல்லமாட்டேன்."

அப்பா சிரித்துவிட்டார். அஞ்சு நிமிஷ வேலை என்று சொல்லிக்கொண்டே உல்லாவை இறக்கினார்.

ஐந்து நிமிடம் ஆனது. பத்து நிமிடம் ஆனது. உல்லா அவரைச் சுற்றிச் சுற்றி வந்தது. நிமிர்ந்து முகத்தைப் பார்த்தது. முனகியது. அப்பாவின் சிரிப்பு போய்விட்டது. எந்தப் பக்கம் என்று மட்டுமாவது சொல்லச் சொன்னார். மார்னி மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். உல்லாவுக்கு மூக்கே போய்விட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்.

"அவ மூக்கு நல்லாத்தான்பா இருக்கு. அவ உங்க வாயைப் பாக்குறா" என்றாள் மார்னி.

பிறகு நிறுத்தாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். கையுறை, சாவி, துணிக்கொடி, இழுப்பறையிலிருந்து எடுத்த சூயிங்கம். சொல்லும்போது அவளும் சீஃப் டாலைப் போலத் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காற்றில் புல் சாய்ந்து எழுந்தது. அப்பாவின் தாடை அசையவே இல்லை. அதைப் பார்த்ததும் உல்லா அவர் காலடியில் படுத்துவிட்டது.

அப்பா உல்லாவைப் பார்த்தார். மார்னியைப் பார்த்தார். வண்டிக்குப் போய் அம்மாவின் பூப்போட்ட கழுத்துத் துணியை எடுத்துவந்து, மூக்குவரை முகத்தை மூடிக் கட்டிக்கொண்டார்.

"தேடு" என்றார் துணிக்குள்ளிருந்து.

உல்லா ஓடியது. நிமிர்ந்து பார்த்தது. அங்கே வாயைக் காணோம். குரைத்தது. ஒரு சுற்றுச் சுற்றி வந்து மறுபடி பார்த்தது. அப்போதும் பூக்கள்தான் தெரிந்தன. கடைசியில் வேறு வழியில்லாமல் மூக்கைத் தரையில் வைத்தது.

அப்புறம் உல்லா நிமிரவே இல்லை. காற்றை எதிர்த்து நேராகப் போய் ஒரு புதரின் பக்கத்தில் படுத்தது. அங்கே ஸ்பூன் இருந்தது.

பந்தை எறிந்துகொண்டிருந்தபோது அப்பாவின் போன் அடித்தது. நிலையத்தில் போன் எடுக்கும் அர்லீன்தான். அவள் குரல் மார்னிக்கும் கேட்டது.

"ராய்ஸ், பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி எவனோ முகமூடி கட்டிக்கிட்டு நாயோட அலையறானாம். மூணு பேர் போன் பண்ணிட்டாங்க. கொஞ்சம் போய்ப் பாக்குறியா?"

"பாத்துட்டேன்" என்றார் அப்பா. "ஆபத்தில்லாத ஆளுதான். பூப்போட்ட துணி."

புதனும் வியாழனும் மார்னிதான் ஒளித்துவைத்தாள். சறுக்குமரத்துக்கு அடியில், டயருக்குள், வைக்கோல் கட்டுக்குப் பின்னால். வியாழன் மாலை அப்பா துணியைக் கழற்றிவிட்டு முயன்றார். உல்லா ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தது. பிறகு தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை, சந்தைத் திடல். பள்ளிப் பேருந்து ஓட்டும் அம்மா பாதி நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். அம்மாவும் மார்னியும் வேலிக்கு வெளியே நின்றார்கள். மார்னியால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை.

மூன்று பொருள்கள், பத்து நிமிடம். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்த தேர்வாளர் அம்மாள் கடிகாரத்தை அழுத்தினார்.

மூன்றாவது நிமிடத்தில் உல்லா ஒரு பணப்பையைக் கண்டுபிடித்தது. ஆறாவது நிமிடத்தில் ஒரு கத்தி உறை. பிறகு வெகுநேரம் ஒன்றும் இல்லை. உல்லா திடலின் ஓரமாகவே போனது. வந்தது. மறுபடி போனது. ஒன்பதாவது நிமிடம் தாண்டியபோது, ஒட்ட வெட்டிய புல்மேல் படுத்துவிட்டது.

அங்கே ஒன்றும் இல்லை. வேலியிலிருந்து பார்த்த மார்னிக்கே அது தெரிந்தது. குட்டைப் புல், காய்ந்த மண், அவ்வளவுதான். அவள் அப்பாவின் தாடையைப் பார்த்தாள். அது அசைந்துகொண்டுதான் இருந்தது.

அப்பா ஒரு கையை உயர்த்தினார்.

"இங்க."

தேர்வாளர் பக்கத்தில் வந்தார். தப்பாக இருந்தால் தேர்வு அதோடு முடிந்தது, இன்னும் அரை நிமிடம் இருக்கிறது, வேறு இடம் பார்க்கலாம் என்றார். அப்பா உல்லாவைப் பார்த்தார். உல்லா அவரைப் பார்க்கவில்லை. இரண்டு முன்னங்கால்களுக்கு நடுவே தரையையே பார்த்துக்கொண்டிருந்தது.

"என் கண்ணுக்கு ஒண்ணும் தெரியல மேடம். ஆனா அவ இருக்குன்னு சொல்றா."

தேர்வாளர் குனிந்தார். காய்ந்த புல் கொத்து ஒன்றை விலக்கினார். அதன் அடியில் ஒரு எலி வளை. உள்ளே விரலை விட்டு ஒரு மோதிரத்தை எடுத்தார்.

அம்மா மார்னியின் தோளை இறுகப் பிடித்தாள். பந்து திடலின் மறுகோடிவரை பறந்தது.

திரும்பும் வழியில் உல்லா பின் இருக்கையில் மார்னியின் மடியில் தலையை வைத்துத் தூங்கிப்போனது. பல நாள் தூக்கம். குறட்டைகூட விட்டது. அப்பா சூயிங்கத்தை மென்றுகொண்டே வண்டி ஓட்டினார். பிறகு கண்ணாடி வழியாக மார்னியைப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவையும் பார்த்தார்.

"சரி, ரெண்டு பேரும் சொல்லுங்க. எனக்கே தெரியாம நான் வேற என்னென்ன பண்றேன்?"